சித்தப்பா பிடிக்காமல் விட்ட பந்து

ஆவடி குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் நாலு பேர் எங்கே கூடினாலும் பேச்சு கடைசியில் அந்த மேட்சுக்கு வந்துவிடும். போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளி காத்திருக்க, நம்மில் ஒருவர் எழுந்து நின்று நடித்தே காட்டினார். முட்டியை லேசாக மடக்கி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, தலையைத் தவறான பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். பந்து பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது, கோல்கீப்பர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார். இலையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த கோல்கீப்பர் என் சித்தப்பா என்பது நடித்தவருக்கு மறந்துபோயிருக்கலாம். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு எனக்கும் அவருக்குத் தெரிந்த அளவுதான் தெரியும்.

எந்த வருஷம், எந்தக் கிழமை, யார் வீட்டுக் கல்யாணம் என்று சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பீர்கள். எனக்கு ஞாபகம் அதிகம் என்று பெயர். உண்மைதான். அந்த மழைக்காலத்தில் நடந்தது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருந்தது. ஆனால் அவற்றை இத்தனை வருடமாகத் தப்பான வரிசையில் அடுக்கி வைத்திருந்தேன்.

சித்தப்பா எங்களோடு வந்து தங்கியபோது நான் ஆறாம் வகுப்பு. நம் குவார்ட்டர்ஸ் வீடுகள் தெரியும் அல்லவா? ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னால் கம்பி போட்ட வராந்தா. அந்த வராந்தாவில் அவருடைய பாய். சுவரில் மாதா படத்துக்குக் கீழே ஓர் ஆணி, ஆணியில் பச்சைக் கம்பளிச் சட்டை. கோல்கீப்பருக்கு அதுதான் உடை. மழைக்காலத்தில் அது காயவே காயாது. ஈர ஆட்டின் வாசனை வீடு முழுக்க இருக்கும். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "தம்பி, இத்த ஆத்துல உட்டுட்டு வாங்க, புண்ணியமாப் போவும்" என்பாள்.

ஃபாக்டரி டீமுக்கு ஆடுகிறவர்களைத் தற்காலிகமாக வேலைக்கு எடுப்பார்கள். சித்தப்பாவுக்குப் பேக்கிங் ஷெட்டில் மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கும் வேலை. பகல் வேலைதான், மூன்று மணிக்கு ஆட்டப் பயிற்சிக்கு விட்டுவிடுவார்கள். நிரந்தரம் ஆக வேண்டுமென்றால் பெரிய ஆபீசர் ஒருவர் ஆட்டத்தை நேரில் பார்த்து, "இந்தப் பையனை எடுத்துக்கலாம்" என்று சொல்ல வேண்டும். அப்படி விதி ஒன்றும் இல்லை. ஆனால் அப்படித்தான் நடந்தது. சித்தப்பா சென்னை லீகின் மூன்றாம் டிவிஷனில் நாலாவது சீசன் ஆடிக்கொண்டிருந்தார். அவரோடு சேர்ந்த எல்லாரையும் யாராவது ஓர் ஆபீசர் பார்த்துவிட்டிருந்தார். கோல் போடுகிறவன் கண்ணில் படுவான். கோலைத் தடுக்கிறவனை யார் கவனிக்கிறார்கள்?

அப்பாவுக்கு அதுதான் கவலை. மெஷின் ஷாப்பில் ஃபிட்டராக இருந்தார். பெற்றோர் இல்லாமல் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர். "அவன் ஒரு பர்மனென்ட் கார்டு வாங்கிட்டான்னா நான் கண்ண மூடிடுவேன்" என்பார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அந்தக் காலத்தில் கையுறை எல்லாம் எங்கே கிடைத்தது? ஃபாக்டரியில் கொடுக்கும் பருத்திக் கையுறையில், பழைய டேபிள் டென்னிஸ் மட்டையிலிருந்து உரித்த புள்ளி ரப்பரை வெட்டி, உள்ளங்கையிலும் விரல்களிலும் ஒட்டி, அம்மாவிடம் தையல் போட்டு வாங்கிக்கொள்வார். ஒரு கை சிவப்பு ரப்பர், ஒரு கை கறுப்பு ரப்பர். பயிற்சி முடிந்து வந்ததும் நானும் என் தம்பியும் அதை மாட்டிக்கொண்டு ஒருவர் கன்னத்தை ஒருவர் தடவிப் பார்ப்போம். பூனை நாக்கு மாதிரி இருக்கும். அந்தக் கையுறை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வீட்டில் எதையும் தூக்கிப் போடாத அம்மாவுக்கும் கடைசிவரை தெரியவில்லை.

சித்தப்பாவுக்குச் சில கிறுக்குகள் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். பயிற்சிக்கு வைத்திருந்த தோல்பந்து அழுக்கேறிப் பழுப்பாகிவிட்டது. என் கேன்வாஸ் ஷூவுக்குப் பூசும் வெள்ளைக் கட்டியை எடுத்துக்கொண்டுபோய் அந்தப் பந்து முழுக்கப் பூசுவார். அரை மணி நேரம் உதைத்தால் போய்விடும். மறுநாள் மறுபடி பூசுவார். டீம் கேப்டன், "இன்னா மாமே, பந்துக்குப் பவுடரா? பூவும் வெச்சி உடேன்" என்பார். சித்தப்பா, "ராசி மச்சான், ராசி" என்று சிரிப்பார். கோலில் நிற்கும்போது கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கமாட்டார். தலையையே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெடுக் வெடுக்கென்று திருப்பிக்கொண்டே இருப்பார். அதனால் அவருக்குக் கோழி என்று பெயர். வெளியூர் டீமுக்கு ஆடியவர்கள்கூட அந்தப் பெயரால்தான் அவரை அறிந்திருந்தார்கள்.

அப்புறம் பொன்னாங்கண்ணிக் கீரை. வாரத்தில் பாதி நாள் அவரே சந்தையிலிருந்து கட்டுக்கட்டாக வாங்கிவந்து அம்மாவிடம் கொடுப்பார். அம்மாவுக்கு ஒரே கேலி. "கலர் ஏறணும்னு துன்றாரு. பொண்ணு பாக்கப் போறோம்ல, மாப்ள தங்கமா மின்ன வேணாமா?" சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு கீரையை எல்லாம் தின்று முடிப்பார்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் மாதா சுரூபம் வைத்துச் சாயங்காலம் கூடுவார்கள். போகும்போது சித்தப்பா எங்களுக்கு முன்னால் விடுவிடுவென்று நடப்பார். திரும்பும்போது இருட்டியிருக்கும். அப்போது என் தோளில் கை போட்டுக்கொள்வார். தம்பியின் தோளில் இல்லை, என் தோளில்தான். நாலு விரலும் முன்னால், கட்டைவிரல் மட்டும் பின்னால் தோள்பட்டை எலும்பின் மேல். கொஞ்சம் அழுத்தமாகவே இருக்கும். தம்பி பொறாமையில் சிணுங்குவான். "நீ வளரணும்டா இன்னும்" என்பார். நான் தெருவிலேயே உயரமான பெண். எனக்கு அந்தக் கை ஒரு பதக்கம் மாதிரி.

இப்போது அந்த மேட்ச்.

டிசம்பர் முதல் வாரம். எங்கள் ஃபாக்டரி மைதானம். எதிரே வடசென்னை டீம் ஒன்று. இந்த மேட்சில் தோற்காமல் இருந்தால் போதும், டீம் இரண்டாம் டிவிஷனுக்குப் போய்விடும். அப்பா இரண்டு வாரம் அலைந்து தன் ஷாப்பின் பெரிய ஆபீசரைத் தலைமை விருந்தினராக வரச் சம்மதிக்க வைத்துவிட்டார். "சார் ஒரு தபா பாத்தா போதும். இவன் கையில பந்து ஒட்டிக்கினு நிக்கும்" என்று அவரிடம் சொன்னாராம். அவர் சிரித்துவிட்டு, பார்க்கலாம் என்றாராம். அந்த ஒரு சொல்லை எங்கள் வீட்டில் எத்தனை தடவை சொல்லிச் சொல்லிப் பார்த்தோம்!

மைதானத்து ஓரத்தில் ஷாமியானா. ஆபீசர்ஸ் கிளப்பிலிருந்து சோபா வந்திருந்தது, மேலே வெள்ளைத்துணி. மைக் செட் கரகரத்தது. கேன்டீன்காரர் சமோசா தட்டை ஈக்களிடமிருந்து காத்துக்கொண்டிருந்தார். அப்பா கிறிஸ்துமஸுக்குத் தைத்த சட்டையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு, ஆபீசரை அழைத்துவர பங்களாவுக்குப் போயிருந்தார்.

ஆட்டம் நாலு மணிக்கு. நாலு அடித்தது. ஆபீசர் வரவில்லை. தலைமை விருந்தினர் வந்து, வரிசையாக நிற்கும் ஆட்டக்காரர்களுக்குக் கை கொடுத்து, முதல் உதை உதைத்தால்தான் ஆட்டம் தொடங்கும். அவர் இல்லாமல் தொடங்குவது அவரை அவமதிப்பது. ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்தார். எதிர் டீம் ஆட்கள் புல்லில் படுத்துவிட்டார்கள். "இன்னா நைனா, மாப்ள அழைப்பா? பொண்ணு ஊட்டுக்காரங்க எங்க காணோம்?" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. கோலுக்கு முன்னால் நின்று மேற்கே பார்த்தார். மறுபடி கேப்டனிடம் வந்தார்.

"ஆரம்பிச்சிடலாம் மச்சான். அவர் வந்து நடுவுல பாக்கட்டும்."

"உனக்காகத்தாண்டா அவரே வராரு! உங்க அண்ணன் கேட்டா என்னை உரிச்சிடுவாரு."

சித்தப்பா மறுபடியும் மேற்கே பார்த்தார்.

பங்களாவில் என்ன நடந்தது என்று அப்பா பிறகு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆபீசர் சாப்பிட்டுப் படுத்திருந்தார். வீட்டு அம்மா வந்து, "சார் தூங்கறாங்க" என்றார். அப்பா கேட் அருகிலேயே நின்றுவிட்டார். மறுபடி மணி அடித்தால் கோபித்துக்கொள்வாரோ, கோபத்தோடு வந்து பார்த்தால் தம்பிக்கு நல்லதில்லையே என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆபீசர் தானாக எழுந்து, காபி குடித்து, ஜீப்பில் ஏறி வரும்போது ஐந்தாகப் பத்து நிமிடம். அவர் நல்ல மனிதர். தாமதத்துக்கு வருத்தம் சொன்னார். டீமுக்குப் பரிசாகப் புதுப் பந்து ஒன்று கொண்டுவந்திருந்தார். அசல் தோல், பழுப்பு நிறம். விருந்தினர் கொடுத்த பந்திலேயே ஆடுவதுதானே மரியாதை? ரெஃப்ரி தன் வெள்ளைப் பந்தை ஓரமாக வைத்துவிட்டார்.

நேரமில்லை என்று அரைமணி அரைமணியாகச் சுருக்கிக்கொண்டார்கள். முதல் பாதியில் சித்தப்பா ஆடியதைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். ஒரு பெனால்டியைப் பக்கவாட்டில் பறந்து பிடித்தார். பிடித்த பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தபோது ஆபீசர் சோபாவிலிருந்து எழுந்து கைதட்டினார். அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். அப்பாவின் முகம் அப்படி இருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

இரண்டாம் பாதியில் வெளிச்சம் மங்கியது. நமக்கு எல்லாம் தெரிந்தது. மங்கலாக, ஆனால் தெரிந்தது. குவார்ட்டர்ஸ் விளக்குகள் எரியத் தொடங்கின. கோல் இல்லாமலே முடியப்போகிறது, ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துவிட்டார் என்று நினைத்தோம். எதிர் டீமின் பின்வரிசை ஆள் ஒருவன் நடுக்கோட்டிலிருந்து சும்மா தூக்கி உதைத்தான். குறிவைத்த உதைகூட இல்லை. பந்து உயரப் போய், மெதுவாக இறங்கி, கோலுக்கு முன்னால் ஒரு தடவை குதித்தது. சித்தப்பா முட்டியை மடக்கி, கைகளை நீட்டித் தயாராக நின்றார், வேறு பக்கம் பார்த்தபடி. பந்து அவர் காலுக்குப் பக்கத்தில் உருண்டு உள்ளே போயிற்று. அதற்கு அப்புறமும் அவர் அப்படியே நின்றார். வலை அசைந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினார்.

முதலில் சிரிப்பு. பிறகு யாரோ ஒருவர் குரல்: "பெனால்டியே புடிச்சவன் இத்த உடுவானா? வாங்கிட்டான்டா!"

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பெனால்டியைப் பிடித்ததே அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. ஆபீசர் ஜீப்பில் ஏறும்போது, "முதல்ல நல்லாத்தான ஆடினான்?" என்று மட்டும் கேட்டார்.

ஜீப் போன பிறகு, தண்ணீர்க் குழாயடியில் டீம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா கேட்டார்.

"ஏன்டா உட்ட?"

"பந்து வரலண்ணே."

"இன்னா?"

"பந்தே வரலண்ணே. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

அப்பா அறைந்தார். "மைதானமே பாத்துச்சி! உனக்கு மட்டும் வரலையா? எவ்ளோடா குடுத்தான் உனக்கு?"

சித்தப்பா கன்னத்தில் கை வைக்கவில்லை. திரும்பி நடந்து கோலுக்குள் போய் உட்கார்ந்தார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அம்மா என்னை அனுப்பினாள், போய்க் கூப்பிடு என்று. நான் பக்கத்தில் போய் நின்றும் அவர் நிமிரவில்லை. "சித்தப்பா" என்றதும்தான் முகத்தைத் தூக்கினார், அதுவும் என் முகத்துக்குச் சற்றுத் தள்ளி. எழுந்து தோளில் கை போட்டார். அன்றைக்கு அந்தப் பிடி வலித்தது. "மெதுவா போ பாப்பா" என்றார். அழுகிறார், அதை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறார், அதனால்தான் மெதுவாகப் போகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். விளக்கில்லாத பின்பக்க வழியில் அவரைக் கூட்டிப் போனேன். அது அவருக்கு உதவி என்று எண்ணினேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே பேக்கிங் ஷெட்டில் அவருக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது. திருநின்றவூரில் ஒற்றை அறை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. பச்சைச் சட்டையையும் பாயையும் சுருட்டிக்கொண்டு போனார். அப்பா வராந்தாவுக்கு வரவில்லை.

அதற்கப்புறம் அவர் ஆடிய ஆட்டங்களை நீங்கள் யாரும் பார்த்திருக்கமாட்டீர்கள். பூந்தமல்லி, நூம்பல், பருத்திப்பட்டு ஏரிக்கரை என்று ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகள். எவர்சில்வர் குடம் பரிசு, சில சமயம் ஓர் ஆடு. கூப்பிட வருகிறவர்களிடம், "காலை மேட்ச்னா வரேன்" என்பாராம். ஃபைனல் சாயங்காலம்தான் நடக்கும். காலையில் அரையிறுதி வரை டீமைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, ஃபைனலுக்கு நிற்காமல் போய்விடுவார். தலைக்கனம் என்றார்கள். அம்பத்தூரில் அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார், நைட் ஷிஃப்ட் முறை வந்ததும் நின்றுவிட்டார். அடுத்த கம்பெனியிலும் அதே கதை. "சோம்பேறி. உடம்பு வணங்கல" என்றார் அப்பா, செய்தித்தாளைப் பார்த்தபடி. பூந்தமல்லியில் ஒரு பெண் பேசினார்கள். பெண் வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் கிளம்பும்போது வாசற்படியில் தடுக்கி விழுந்தார். குடிக்கிற பையன் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வருவார். காலைப் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, மூன்று மணி ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்.

"இருந்து டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி."

"இல்லண்ணி, டிரெயின் கீது."

"டிரெயின் எப்பதான் இல்ல?"

அண்ணன் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பார் என்று அம்மா எங்களிடம் சொல்லுவாள். அறைக்குள் இருந்து அப்பா ஒரு தடவை வெளியே வந்திருக்கலாம். சித்தப்பாவும் ஒரு தடவை உள்ளே போயிருக்கலாம். பத்து வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று. தொண்ணூறுகளின் கடைசியில் மஞ்சள் காமாலை வந்து, முற்றி, சித்தப்பா இறந்துபோனார். கல்லறையில் அப்பா மூன்று கைப்பிடி மண் போட்டார். நாலாவதாக ஒன்று அள்ளிக் கையிலேயே வைத்திருந்தார். நான்தான் விரல்களைப் பிரித்துத் தட்டிவிட்டேன்.

இந்த ஆடி மாதம் தம்பியைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சாயங்காலம் வண்டி ஓட்ட முடியவில்லை, எதிர் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, ரோடு தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். சொட்டு மருந்து விட்டு, விளக்கைப் போட்டுப் பார்த்து, படம் எடுத்து, பொறுமையாக விளக்கினார். விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிற வியாதி. முதலில் இருட்டில் தெரியாது. பக்கவாட்டிலும் தெரியாது, தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். கீரை, மாத்திரை எதிலும் சரியாகாது. குடும்பத்தில் வருவது. "உங்க வீட்டுல வேற யாருக்காவது இருந்திருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. படி இறங்க வேண்டும். தம்பி என் தோளில் கை போட்டான். நாலு விரலும் முன்னால், கட்டைவிரல் பின்னால் எலும்பின் மேல்.

"மெதுவா போக்கா" என்றான்.

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் பயந்துபோனான். "இன்னாக்கா, மயக்கமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பந்துக்குப் பூசிய வெள்ளை, கீரைக் கட்டு, கோழி, காலை மேட்ச், மூன்று மணி ரயில் எல்லாம் அந்தப் படியில் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. பந்து வரலண்ணே. அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த வரையில் பந்து வரவேயில்லை.

அப்பா இப்போது பருத்திப்பட்டில் என்னோடு இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். மறுநாள் சாயங்காலம் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ஒரு பாரம் இறங்கும் என்று நம்பித்தான் சொன்னேன்.

"சித்தப்பா வாங்கலப்பா. குடிக்கவும் இல்ல. இருட்டினா அவருக்குக் கண்ணு தெரியாது. இப்ப தம்பிக்கு வந்திருக்கே, அதேதான்."

அப்பா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "வாங்கலையா?" என்றார்.

"வாங்கலப்பா."

"என் தம்பி வாங்க மாட்டான்" என்றார். முகம் லேசாக மலர்ந்தது. ஆபீசர் கைதட்டியபோது திரும்பிப் பார்த்தாரே, கிட்டத்தட்ட அந்த முகம். நான் சொன்னது நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

பிறகு அந்த முகம் மெல்ல மாறியது.

"அன்னிக்கி மேட்ச்சு நாலு மணிக்குத்தான போட்டிருந்தாங்க?"

"ஆமாப்பா."

"நாலுக்கே உட்டிருந்தா வெளிச்சத்துலயே முடிஞ்சிருக்கும்."

நான் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"பெல்லு கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சி பாப்பா. நான் அடிக்கல." தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "எத்தினி மணிக்கு நாங்க வந்தோம்?"

"ஞாபகம் இல்லப்பா."

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உனக்கா?" என்றார்.

ஏரிப் பக்கத்து ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எழுந்து ஸ்விட்ச் அருகே போய், விளக்கைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்" என்றார் அப்பா. "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."